விண்சென்று மீண்ட நினைவுப் பொருள்கள்

சேரன் செங்குட்டுவன் பத்தினிக் கடவுளுக்குப் படிமம் சமைக்கக் கல் தேடிய செய்தியைச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் விரித்துரைக்கிறது. பொதியில் மலைக் கல்லும் தகும், இமயத்துக் கல்லும் தகும் என்று அவையோர் கூறினர். பொதியில் அண்மையில் உள்ளது. இமயமோ நெடுந்தொலைவில் உள்ளது. எனினும் மன்னன் இமயத்தையே தேர்ந்தான். கல் என்ற அளவில் இரண்டும் கல்லே. ஆயினும், கங்கையில் நீராடி, போர்க்களம் கடந்து, கனகவிசயரின் முடிமீது ஏறி வஞ்சிக்கு வந்து சேர்ந்த கல்லுக்கு ஒரு தனி மதிப்பு உண்டாகிவிட்டது. அம்மதிப்பு கல்லின் இயல்பால் வந்ததன்று. அது கடந்து வந்த வழியால் வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் மனிதன் இமயத்தினும் உயர்ந்த இடங்களுக்குச் சென்று மீண்டான். அவனோடு வெள்ளிப் பதக்கங்களும், நாணயங்களும், அஞ்சல் உறைகளும், துணித் துண்டுகளும், மர விதைகளும் சென்று மீண்டன. சென்று வந்த கலங்களின் உலோகமும் உருக்கப்பட்டுச் சிறு வில்லைகளாக வார்க்கப்பட்டது. இன்று இவை பேழைகளில் போற்றப்படுகின்றன. ஏலத்தில் இலட்சக்கணக்கான டாலருக்கு விலை போகின்றன. இவற்றின் மதிப்பு எங்கே உறைகிறது, பொருளிலா, பொருளைப் பற்றிய சொல்லிலா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கக் காலம்

விண்வெளிக்கு நினைவுப் பொருள் கொண்டு செல்லும் வழக்கம் மனிதனின் விண்பயணம் தொடங்கிய ஆண்டிலேயே தோன்றிவிட்டது. 1961 ஜூலை 21 அன்று அமெரிக்க வீரர் கஸ் கிரிஸ்ஸம் 'லிபர்ட்டி பெல் 7' என்னும் கலத்தில் விண்ணுக்குச் சென்றார். நண்பர்களின் பிள்ளைகளுக்குத் தருவதற்காகப் பத்து சென்ட் நாணயங்களை இரண்டு சுருள்களாகக் கட்டித் தம் உடைப் பையில் வைத்துக்கொண்டார். பயணம் கால் மணி நேரமே நீடித்தது. கலம் கடலில் இறங்கியபின் அதன் கதவு எதிர்பாராது தெறித்துத் திறந்தது. உள்ளே நீர் புகுந்தது. கிரிஸ்ஸம் வெளியே பாய்ந்து நீந்தினார். அவருடைய விண்வெளி உடையிலும் நீர் ஏறியது. உயிருக்குப் போராடிய அந்நேரத்தில் அந்நாணயங்களின் எடையும் அவரைக் கீழே இழுத்தது. கலம் அட்லாண்டிக் பெருங்கடலில் மூழ்கிப்போனது. 1999ஆம் ஆண்டு அதனை ஆழ்கடலிலிருந்து மீட்டபோது, கலத்தின் உள்ளேயும் சில நாணயங்கள் கிடைத்தன. அன்பளிப்புக்காக எடுத்துச் சென்ற சில்லறைக் காசு உயிரையே விலையாகக் கேட்கப் பார்த்தது என்பது இவ்வரலாற்றின் முதற் பாடம் எனலாம்.

பின்னர் அப்பல்லோ திட்டத்தில் இவ்வழக்கம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. ஒவ்வொரு வீரரும் தம் சொந்தப் பொருள்களை வைத்துக்கொள்ள ஒரு சிறு பை அனுமதிக்கப்பட்டது. 1968இல் பறந்த அப்பல்லோ 7 தொடங்கி, மாசசூசெட்ஸ் மாநிலம் ஆட்டில்பரோ நகரிலுள்ள ராபின்ஸ் நிறுவனம் ஒவ்வொரு பயணத்துக்கும் வெள்ளிப் பதக்கங்களை அச்சிட்டுத் தந்தது. அவற்றின் செலவை வீரர்களே ஏற்றனர். ஒவ்வொரு பதக்கத்துக்கும் வரிசை எண் இடப்பட்டது. அவ்வெண் வெறும் அணியன்று. பதக்கத்தின் பிறப்புச் சான்று அதுவே.

இவற்றுள் அப்பல்லோ 13இன் பதக்கங்களுக்குத் தனி வரலாறு உண்டு. 1970 ஏப்ரலில் அக்கலம் புறப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்னர், கென் மேட்டிங்லி என்ற வீரருக்கு மாற்றாக ஜாக் ஸ்விகர்ட் சேர்க்கப்பட்டார். மேட்டிங்லிக்கு நோய் தொற்றியிருக்கக்கூடும் என்ற ஐயமே காரணம். ஆனால் பதக்கங்கள் முன்னரே அச்சாகிவிட்டன. அவற்றில் மேட்டிங்லியின் பெயர் இருந்தது. நிலவில் இறங்கும் நாளும் குறிக்கப்பட்டிருந்தது. வழியில் உயிர்வளிக் கலன் வெடித்தது. நிலவில் இறங்கும் எண்ணம் கைவிடப்பட்டது. மூவரும் அரிதின் உயிர் தப்பி ஏப்ரல் 17 அன்று மீண்டனர். அவர்களோடு மீண்ட பதக்கங்களோ நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் கூறின. ஆகவே அவை உருக்கப்பட்டு, அதே வெள்ளியில் ஸ்விகர்ட்டின் பெயருடன், இறங்கும் நாள் இன்றி, புதிதாக அச்சிடப்பட்டன. வெள்ளி மாறவில்லை, சொல் மட்டும் திருத்தப்பட்டது. பொய்யான வாசகத்தைத் தாங்கிய உண்மையான பொருளை வைத்திருப்பதிலும், அதனை உருக்கிவிடுவதே நேர்மை என்று அவர்கள் கருதினர் போலும்.

உழைத்தோர் கையில்

நிலவுப் பயணம் என்றதும் மூன்று வீரர்களின் பெயர்களையே நாம் நினைக்கிறோம். ஆனால் அப்பல்லோ திட்டத்தில் ஏறத்தாழ 4,00,000 பேர் உழைத்தனர் என்பர். கம்பி பிணைத்தோர், உடை தைத்தோர், கணக்கிட்டோர், திருகாணி முடுக்கியோர் எனப் பலர். இவர்களுள் எவரும் விண்ணுக்குச் செல்லப்போவதில்லை. ஒரு தையற்காரரின் ஊசி தவறினால் ஒரு வீரரின் உயிர் போகும். ஆகவே, உழைப்போர் ஒவ்வொருவருக்கும் தம் பணியின் பொறுப்பை உணர்த்த, நாசா நிறுவனம் ஒரு விழிப்புணர்வுத் திட்டத்தை நடத்தியது. அத்திட்டத்தின் வழி வழங்கப்பட்டவையே விண்கல உலோகம் கலந்த வில்லைகள்.

அப்பல்லோ 8 பயணத்துக்குப் பின்னும், 1969 ஜூலையில் நிகழ்ந்த அப்பல்லோ 11 பயணத்துக்குப் பின்னும் இத்தகைய வில்லைகள் வார்க்கப்பட்டன. சென்று மீண்ட உலோகத்தைச் சிறிதளவு எடுத்து, பெருமளவான புதிய உலோகத்தோடு சேர்த்து உருக்கி வார்த்தனர். அப்பல்லோ 11 வில்லையின் ஒரு புறத்தில், கொலம்பியா, ஈகிள் ஆகிய கலங்களின் உலோகம் இதில் அடங்கியுள்ளது என்ற கருத்துடைய வாசகம் பொறிக்கப்பட்டது. பயிர்ப்பாலில் ஒரு துளி உறைமோர் கலந்து முழுவதையும் தயிராக்குவது போன்ற செயல் இது. ஒவ்வொரு வில்லையிலும் விண்கண்ட உலோகம் எத்துணை நுண்ணிய அளவில் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். எனினும் அதனைப் பெற்ற தொழிலாளி அளவு கேட்கவில்லை. தாம் செய்த பொருளின் ஒரு பங்கு நிலவு வரை சென்று, மீண்டு, தம் உள்ளங்கைக்கு வந்துவிட்டது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இதனினும் அரியது 'ஸ்னூப்பி' வெள்ளி ஊசி. சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த சித்திரத் தொடரில் வரும் ஸ்னூப்பி என்ற நாய்க்குட்டியின் உருவில் அமைந்த சட்டை ஊசி அது. 1968 முதல் வழங்கப்பட்டு வருகிறது. பயணத்தின் பாதுகாப்புக்குச் சிறந்த பங்காற்றிய பணியாளரை விண்வெளி வீரர் ஒருவர் அவருடைய பணியிடத்துக்கே நேரில் சென்று கண்டு, விண்ணில் பறந்து வந்த ஊசியைச் சட்டையில் குத்துவார். அது எந்தப் பயணத்தில் பறந்தது என்று கூறும் மடலும் உடன் அளிக்கப்படும். ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரே இதனைப் பெறுகின்றனர். இங்கே வீரர் பணியாளரைத் தேடி வருகிறார் என்பது எண்ணத்தக்கது.

வணிகம் புகுந்தபோது

அன்பளிப்பாக இருந்தவரை தூயதாக நின்ற இவ்வழக்கம், விலை புகுந்ததும் கலங்கியது. 1971 தொடக்கத்தில் பறந்த அப்பல்லோ 14இல், பிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நாணயசாலையின் 200 வெள்ளிப் பதக்கங்கள் எடுத்துச் செல்லப்பட்டன. மீண்டு வந்தவற்றுள் ஒரு பகுதியை அந்நிறுவனம் உருக்கி, பெருமளவு வெள்ளியோடு கலந்து, சிறு பதக்கங்களாக அச்சிட்டுத் தன் சேகரிப்போர் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு வழங்கி விளம்பரம் தேடிக்கொண்டது. உருக்கிக் கலக்கும் முறை தொழிலாளர் வில்லையில் கண்ட அதே முறைதான். ஆனால் அங்கே அது நன்றியாக இருந்தது, இங்கே சரக்காயிற்று. அமெரிக்க நாடாளுமன்றத்திலும் இது குறித்து வினா எழுந்தது. அடுத்த பயணத்தில் வீரர் எடுத்துச் செல்லும் பதக்கங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைக்கப்பட்டது.

அடுத்த பயணமே பெரும் இழுக்கைக் கொணர்ந்தது. 1971 ஜூலை 26 அன்று புறப்பட்ட அப்பல்லோ 15இல் டேவிட் ஸ்காட், ஆல்பிரட் வோர்டன், ஜேம்ஸ் இர்வின் ஆகிய மூவர் சென்றனர். அறிவியல் நோக்கில் அது மிகச் சிறந்த பயணங்களுள் ஒன்று. நிலவில் மனிதர் முதன்முதலாக ஊர்தி ஓட்டியதும் அதில்தான். ஆனால் ஸ்காட்டின் விண்வெளி உடைப் பையில், முறையான அனுமதி பெறாத ஏறத்தாழ 400 அஞ்சல் உறைகளும் சென்றன. அவற்றுள் 100 உறைகள் மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த அஞ்சல்தலை வணிகர் ஒருவருக்கு உரியவை. அதற்கு ஈடாக மூவருக்கும் தலைக்கு ஏறத்தாழ 7,000 டாலர் என்பது பேச்சு. பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக என்று அவர்கள் எண்ணினர். வணிகரோ அவர்கள் எதிர்பார்த்த காலத்துக்கு முன்னரே உறைகளை விற்கத் தொடங்கினார்; ஓர் உறை ஏறத்தாழ 1,500 டாலருக்குப் போனது. செய்தி பரவுமுன்பே மனம் மாறிய வீரர்கள் பணத்தை மறுத்துத் திருப்பினர். எனினும் 1972இல் அவர்கள் வெளிப்படையாகக் கண்டிக்கப்பட்டனர். அடுத்த பயணத்தின் மாற்றுக் குழுவிலிருந்தும் நீக்கப்பட்டனர். மூவரும் அதன்பின் விண்ணில் பறக்கவேயில்லை. எஞ்சிய உறைகளை அரசு கைப்பற்றிக்கொண்டது.

இக்கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 1983இல் நாசாவும் அமெரிக்க அஞ்சல் துறையும் கூட்டாக ஏறத்தாழ 2,60,000 அஞ்சல் உறைகளைச் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் ஏற்றி அனுப்பிப் பொதுமக்களுக்கு விற்றன. அதே ஆண்டில் வோர்டன் தொடுத்த வழக்கு இணக்கமாக முடிந்து, கைப்பற்றப்பட்ட உறைகள் மூவருக்கும் திருப்பித் தரப்பட்டன. நானூறு உறைகளுக்காகத் தண்டித்தவர்களே இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட உறைகளை விற்றது முரணாகத் தோன்றலாம். ஆனால் வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை. ஒன்று மறைவாக நிகழ்ந்தது. மற்றொன்று எல்லோரும் அறிய நிகழ்ந்தது.

பொருள் தானே பேசுமா?

இங்கு ஒரு வினா எழுகிறது. விண்ணுக்குச் சென்ற வெள்ளிப் பதக்கத்தையும், செல்லாத வெள்ளிப் பதக்கத்தையும் அருகருகே வைத்தால் வேறுபாடு அறிய இயலுமா? இயலாது. கலத்தின் உள்ளே பையில் இருந்த வெள்ளி சில நாள்களில் எம்மாற்றமும் அடைவதில்லை. எடையிலும் நிறத்திலும் ஒலியிலும் இரண்டும் ஒன்றே. வரிசை எண்ணும், வீரர் கையொப்பமிட்ட மடலும், கைமாறிய வரலாறுமே அவற்றைப் பிரித்துக் காட்டும்.

சில பொருள்கள் மட்டும் ஓரளவு தாமே பேசும். நிலவிலிருந்து மீளும் கலம் நொடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துள் நுழையும். அப்போது அதன் வெப்பக் கவசம் ஏறத்தாழ 2,700 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கருகித் தேயும். அக்கருகல் பயணத்தின் தழும்பு. நிலவுத் தூசியும் அவ்வாறே. அங்கே காற்றும் நீரும் இன்மையால் துகள்கள் தேய்ந்து மழுங்குவதில்லை. அவற்றின் முனைகள் கூர்மையானவை. நுண்ணிய விண்கற்கள் ஓயாது மோதுவதால் மண் உருகிக் கண்ணாடியாய் இறுகிய துகள்களும் அதில் நிறைந்திருக்கும். ஆய்வுக்கூடம் இவற்றை இனங்காண இயலும்.

ஆனால் ஆய்வு செய்ய வேண்டும் என்ற ஐயம் யாருக்காவது எழவேண்டுமே! நெதர்லாந்து நாட்டின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு கல் நிலவுக் கல் என்று போற்றப்பட்டு வந்தது. அப்பல்லோ 11 வீரர்கள் 1969இல் அந்நாட்டுக்கு வந்தபோது, முன்னாள் தலைமை அமைச்சர் வில்லம் டிரேஸ் அமெரிக்கத் தூதரிடம் பெற்ற அன்பளிப்பு அது. 2009இல் ஆராய்ந்தபோது, அது கல்லாய்ச் சமைந்த பழமரத்தின் துண்டு என்று தெளிவாயிற்று. நாற்பது ஆண்டுகளாக அக்கல் பொய் சொல்லவில்லை. கல் எதையுமே சொல்லவில்லை. கல்லின்மீது ஏற்றிய சொல்லே பிழைபட்டது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. அப்பல்லோ 11 பயணத்தில் முதல் நிலவு மண்ணைக் கொண்டுவர உதவிய ஒரு வெள்ளைத் துணிப் பை, ஆவணக் குழப்பத்தால் தன் அடையாளத்தை இழந்து, அரசு நடத்திய ஏலத்துக்கு வந்தது. 2015இல் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த பெண் வழக்கறிஞர் ஒருவர் அதனை 995 டாலருக்கு வாங்கினார். ஐயந்தீர அதனை நாசாவுக்கே ஆய்வுக்கு அனுப்பினார். தூசி நிலவுத் தூசியே என்று உறுதியாயிற்று. உடனே நாசா பையைத் திருப்பித் தர மறுத்தது. வழக்கு நடந்தது. முறையாக வாங்கியவருக்கே அது உரியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017இல் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் அப்பை 18 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. 995 டாலருக்கும் 18 இலட்சம் டாலருக்கும் இடையே துணியில் ஓர் இழைகூட மாறவில்லை. இடையில் வந்து சேர்ந்தது சான்று ஒன்றே.

கலையும் உயிரும்

வணிகத்தைக் கடந்து, இப்பொருள்களைக் கலையாக்கியவர் ஆலன் பீன். 1969 நவம்பரில் அப்பல்லோ 12இல் சென்று நிலவில் நடந்த நான்காவது மனிதர் அவர். 1981இல் பணியிலிருந்து விலகி, முழுநேர ஓவியரானார். நிலவில் தாம் அணிந்த உடையிலிருந்த கொடி, சின்னம் ஆகிய துணி முத்திரைகள் அவரிடம் இருந்தன. அவற்றில் நிலவுத் தூசி படிந்திருந்தது. அவற்றை நுண்துணுக்குகளாக வெட்டி ஓவியங்களின் வண்ணத்தில் கலந்தார். நிலவில் பயன்படுத்திய சுத்தியலைக் கொண்டே ஓவியப் பரப்பில் தடம் பதித்தார். பேழைக்குள் உறங்கிய நினைவுப் பொருள் இவ்வாறு ஒரு கலைஞனின் நினைவாகவே மாறியது. 2018இல் அவர் மறைந்தார், ஓவியங்கள் நிற்கின்றன.

துணித் துண்டுகளுள் மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. 1903இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட முதல் வானூர்தியின் இறகுத் துணியிலிருந்தும், சுழல்விசிறி மரத்திலிருந்தும் சிறு துண்டுகளை நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவுக்குக் கொண்டு சென்றார். 2021இல் செவ்வாய்க் கோளில் பறந்த 'இன்ஜெனுயிட்டி' என்ற சிறு உலங்கூர்தியிலும் அதே இறகுத் துணியின் ஒரு துணுக்கு வைக்கப்பட்டது. முதற் பறப்பு நீடித்தது 12 நொடிகளே. அதன் துணியோ இரு வேற்றுலகங்களைக் கண்டுவிட்டது.

உயிருள்ள நினைவுப் பொருள்களும் உள்ளன. காட்டுத் தீயணைப்பு வீரராக முன்னர்ப் பணியாற்றிய ஸ்டூவர்ட் ரூசா, அப்பல்லோ 14இல் ஏறத்தாழ 500 மர விதைகளை எடுத்துச் சென்றார். பூமிக்கு மீண்டபின் விதைக்கலன் வெடித்து விதைகள் சிதறின. முளைக்கமாட்டா என்று அஞ்சினர். பெரும்பாலானவை முளைத்தன. 1975, 1976ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பல ஊர்களில் அவை நடப்பட்டன. ஆனால் எங்கெங்கு நடப்பட்டன என்ற முழுமையான பட்டியலை எவரும் பேணவில்லை. 1996இல் இந்தியானா மாநிலத்து ஆசிரியை ஒருவர், தம் பகுதியில் 'நிலவு மரம்' என்ற பலகையோடு நிற்கும் மரம் எதுவென்று நாசாவுக்கு எழுதிக் கேட்டார். அதன்பின்னரே தேடல் தொடங்கியது. பலகை இருந்த மரங்கள் அடையாளம் காணப்பட்டன. பலகை இழந்த மரங்கள் எத்தனையோ, மற்ற மரங்களோடு மரமாய் நின்று நிழல் தருகின்றன. ஒரு வகுப்பறையில் எழுந்த வினா ஒரு வரலாற்றை மீட்டது என்பது ஆசிரியராகிய நமக்கு மகிழ்வளிக்கும் செய்தி.

நிறைவாக

இதுவரை கண்டவற்றால் ஒன்று புலனாகிறது. விண்சென்று மீண்ட பொருளின் மதிப்பு வெள்ளியிலோ துணியிலோ இல்லை. 'இது சென்று வந்தது' என்று கூறும் சொல்லிலும், அச்சொல்லைக் கூறியவரின் நேர்மையிலும், அதனைத் தலைமுறைதோறும் பிறழாது பேணிய ஆவணத்திலுமே உள்ளது. பிழைபட்ட வாசகத்தைத் தாங்கிய வெள்ளியை உருக்கிய அப்பல்லோ 13 வீரர்கள் இதனை உணர்ந்திருந்தனர். அப்பல்லோ 15 வீரர்களின் இழப்பும் இதனையே கூறுகிறது. சான்று கெட்டால் நிலவுப் பையும் பழந்துணி. சான்று பொய்த்தால் மரத்துண்டும் நிலவுக் கல்.

மாணவர்களுக்கு ஒரு சொல். விண்கலத்து வெள்ளி நம் வீடுகளில் இராது. ஆனால் பாட்டனாரின் கைக்கடிகாரம், கடல் கடந்து சென்றவர் எழுதிய மடல், மங்கிய நிழற்படம் எனப் பொருள்கள் பல உண்டு. அவற்றின் வரலாறு அறிந்த பெரியோர் இன்று நம்மோடு இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு, யாருடையது, எவ்வாண்டு, எவ்வழி வந்தது என்று ஒரு தாளில் எழுதி அப்பொருளோடு வையுங்கள். நாளை அதனைக் கையில் எடுப்பவருக்குப் பொருள் பேசாது. நீங்கள் எழுதிய தாள் பேசும். செங்குட்டுவன் கொணர்ந்த கல்லை நாம் கண்டதில்லை. இளங்கோவடிகள் எழுதி வைத்ததனால் அன்றோ அதன் பயணத்தை இன்றும் அறிகிறோம்!